புருவம் எழுதப் போகும் சகோதரிகளுக்கு

மங்கையர் மேடை



ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம். பெண் நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குப் புருவம் மெல்லியது. "தேக்காவில் புருவத்தைத் தைத்து விடுகிறார்களாம். ஒரு முறை செய்தால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லையாம். கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பு லீவு போட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாள். தைப்பதென்றால் ஊசியும் நூலுமா? முகத்தில் ஏதாவது ஆகிவிட்டால் சம்பந்தி வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் ஒரு சொல். கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மணவறையில் உட்காரும்போது புருவம் முழுதும் பொருக்குக் கட்டி உதிர்ந்துகொண்டிருக்கும். மற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

தையல் அல்ல, பச்சை

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதை 'ஐப்ரோ எம்பிராய்டரி' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அதனால்தான் தையல் என்ற பேச்சு. இப்போது 'மைக்ரோபிளேடிங்' என்ற பெயரும் கடைப் பலகைகளில் தெரிகிறது. இதில் நூல் கிடையாது. பேனா போன்ற ஒரு பிடி. அதன் நுனியில் மிக மெல்லிய ஊசிகள் ஒரே வரிசையாக, சிறு கத்தி முனை போல இருக்கும். அதைச் சாயத்தில் தோய்த்து, ஒவ்வொரு மயிராக வரைவது போலத் தோலைக் கீறிச் சாயத்தை உள்ளே இறக்குகிறார்கள்.

சிராங்கூன் சாலையிலும் அதன் சந்துகளிலும் நூலைப் பல்லில் கடித்துப் புருவம் திருத்தி விடுகிறார்களே, அது வேறு. அதில் மயிர்தான் போகும், தோலுக்குள் எதுவும் இறங்காது. இரண்டையும் ஒரே கடையில் செய்வதால் இரண்டும் ஒன்றுபோல லேசான காரியம் என்று நினைத்துவிடக் கூடாது.

நம் பாட்டிமார் பலர் கையில் கோலமும் தேளும் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் பச்சைதான். அந்தப் பச்சை ஆழமாக இறங்கியது, கட்டை வேகும் வரை கூடவே இருந்தது. இது அவ்வளவு ஆழம் போவதில்லை. ஒன்று முதல் இரண்டு வருஷத்துக்குள் மங்கும். எண்ணெய் வழியும் முகத்தில் இன்னும் சீக்கிரம் கலங்கிவிடும். சிலருக்கு லேசான நிழல் பல வருஷம் நின்றுவிடுவதும் உண்டு. எப்படியிருந்தாலும் தோலைக் கீறுகிறார்கள், இரத்தம் துளிர்க்கிறது. ஆகவே இதை அலங்காரம் என்று நினைத்துப் போகாதீர்கள். முகத்தில் ஒரு புண்ணை நாமே உண்டாக்கிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துப் போங்கள். அந்த நினைப்பு இருந்தால் கேட்க வேண்டியதையும் கேட்பீர்கள், காக்க வேண்டியதையும் காப்பீர்கள்.

புருவம் ஏன் மெல்லியது?

பிறவியிலேயே அப்படியென்றால் கவலையில்லை. முன்பு அடர்த்தியாக இருந்தது சில மாதங்களில் குறைந்திருந்தால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் புருவத்தின் வெளிப்பக்க ஓரம் உதிரும். உடல் சோர்வு, எடை கூடுதல், மாதவிடாய்க் கோளாறு ஆகியவையும் சேர்ந்திருந்தால் ஓர் இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். திட்டுத் திட்டாகக் கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். புருவம் உதிர்வதோடு தோலில் உணர்ச்சியற்ற தேமலும் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். சுங்கை பூலோவில் 1930-இல் குடியிருப்புத் திறந்து நோயாளிகளை ஒதுக்கி வைத்த காலம் போய்விட்டது. இன்று மாத்திரையாலேயே குணமாகும். நோயின் மேல் சாயம் பூசி மறைத்தால் நாள்தான் வீணாகும்.

காது மடலைத் தடவிப் பாருங்கள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல் தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும். 'கீலாய்டு' என்பார்கள். கறுத்த நிறத்தாருக்கு இது வெள்ளைத் தோலாரைவிட அதிகம் வரும். உங்கள் உடம்பு எந்த வகை என்பதற்குச் சாட்சி உங்களிடமே இருக்கிறது. காது குத்திய இடம், மூக்குத்தி இடம், அம்மை ஊசி போட்ட தோள், ஆப்பரேஷன் தழும்பு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். உருண்டு திரண்டிருந்தால் புருவத்தில் கத்தி வைக்க வேண்டாம். காதில் வளர்ந்தால் முடியால் மறைக்கலாம், புருவத்தில் வளர்ந்தால் எதனால் மறைப்பது?

கர்ப்பமாக இருப்பவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் பொறுத்திருக்க வேண்டும். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதமாவது இடைவெளி விட வேண்டும். முகம் வெளுக்கப் பூசும் கிரீம்கள் தோலை மெலியச் செய்திருக்கலாம். சில வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டிப்போன சகோதரிகள் இதை விரும்புவது நியாயமே. ஆனால் சிகிச்சை நடக்கும்போது நோயை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும். எப்போது செய்யலாம் என்பதைச் சிகிச்சை தரும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் கேளுங்கள். காசு கொடுப்பது நீங்கள்.

ஊசி முனை புதியதா? உங்கள் கண் முன்னால் உறையைக் கிழிக்கிறார்களா? வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறார்களா? ஒருவருக்குப் பயன்பட்ட ஊசி இன்னொருவரைத் தொட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவையும் எச்.ஐ.வி.யும் பரவ வழியுண்டு. சாயத்தையும் உங்களுக்கென்று தனிக் கிண்ணியில் ஊற்ற வேண்டும், மீந்ததைப் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது.

சாயமும் மரத்துப்போகும் மருந்தும் ஒத்துக்கொள்ளுமா என்று காதுக்குப் பின்னால் சிறிது தடவிச் சோதித்து, இரண்டொரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போட்ட ஊசியால் மயக்கமோ தடிப்போ வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கே ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருவதுண்டு. அதையும் சொன்னால் வேறு கையுறை போடுவார்கள்.

கட்டணம் கடைக்குக் கடை மாறும். பொதுவாகச் சில நூறு வெள்ளி ஆகும். இரண்டாம் தடவைக்கும் சேர்த்தா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். "இன்றே பணம் கட்டினால் பாதி விலை, முகத்துக்கும் சேர்த்துப் பத்துத் தடவை" என்று இழுத்தால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். சிங்கப்பூரில் 1971-இல் தொடங்கிய பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' இத்தகைய புகார்களைக் கவனிக்கிறது. சிறு வழக்கு மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு வருஷத்துக்குள் கொண்டு போகலாம். எல்லாவற்றுக்கும் ரசீதுதான் ஆதாரம்.

அன்றைய தினம்

இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முதலில் பென்சிலால் வரைந்து காட்டுவார்கள். இந்த நேரத்தில் அவசரப்படாதீர்கள். படுத்தபடி பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியில் பாருங்கள். சிரித்துப் பாருங்கள். கூட வந்தவரைக் கேளுங்கள். பென்சில் கோட்டை அழிக்கலாம், கத்திக் கோட்டை அழிக்க முடியாது. கன்னங்கறுப்பாக வேண்டும் என்று கேட்காதீர்கள். நாளாக ஆகச் சாயம் சாம்பல் நிறமாகவோ செம்மையாகவோ திரும்புவதுண்டு. பிறகு மரத்துப்போகும் மருந்து பூசுவார்கள். வலி பொறுக்கக் கூடியதே. ஆனால் கீறும் சத்தம் காதில் கேட்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பின்பு வரும் நாட்கள்

முதல் இரண்டு நாள் சிவந்து, தொட்டால் நோகும். தண்ணீர் போலக் கசியும். சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

மூன்று நான்காம் நாள் புருவம் கரி பூசியது போல இருண்டு, அகலமாகத் தெரியும். பலர் அழுவது இப்போதுதான். அது அப்படியே நிற்காது.

ஐந்து முதல் பத்து நாளுக்குள் பொருக்கு உதிரும், அரிக்கும். நகத்தால் பிய்த்தால் சாயமும் கூடவே வந்துவிடும், தழும்பும் விழும். தானாக விழட்டும்.

இரண்டாம் வாரம் எல்லாம் போய்விட்டது போல வெளுத்துக் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். நாலாம் வாரத்தில் நிறம் மேலே தெளியும். ஆறாம் வாரம் அளவில் விட்டுப்போன இடங்களை நிரப்ப மறுபடி கூப்பிடுவார்கள். அப்போதும் இதே பத்து நாள் பத்தியம் உண்டு.

அந்தப் பத்துப் பதினாலு நாளும் நமக்குத்தான் சிரமம். பட்டணத்துப் பெண் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துவிடுவாள். வெயிலும் வியர்வையும் நம் வேலையோடு வருபவை. செம்பனைக் காட்டில் உரம் போடுவதும் மருந்து அடிப்பதும் அந்த நாட்களில் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஹெல்மெட் புருவத்தின் மேல்தான் அழுத்தும், ஆகவே பஸ்ஸில் போகட்டும். முகத்துக்கு மஞ்சள் பூசக் கூடாது. திருநீறும் குங்குமமும் புண்ணில் படாமல் நடு நெற்றியோடு இருக்கட்டும். எண்ணெய்க் குளியல் கூடாது. தேங்காயெண்ணெயும் பச்சிலையும் கைவைத்தியமாகத் தடவக் கூடாது. கடையில் கொடுத்த களிம்பை அவர்கள் சொன்ன அளவில் மெல்லியதாகத் தடவினால் போதும்.

சிவப்பு குறையாமல் பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், கண் இமை வீங்கினால் கடைக்குப் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். மாதங்கள் கழித்துப் புருவத்தில் கட்டி கட்டியாக எழும்பினாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சிங்கப்பூரில் 1988 முதல் மண்டலே சாலையில் தேசியத் தோல் மையம் இருக்கிறது. தேவையென்றால் டாக்டரே அங்கு எழுதிக் கொடுப்பார். பின்னாளில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க நேர்ந்தால் புருவத்தில் சாயம் இருப்பதை அங்குள்ளவரிடம் சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் லேசரால் அழிக்கலாம்தான். ஆனால் பல தடவை போக வேண்டும், சில சாயம் லேசர் பட்டதும் இன்னும் கறுத்துவிடும்.

தைக் கலியாணத்துக்குக் கணக்கு

முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே ஆறு வாரம். அது ஆற இரண்டு வாரம். எதற்கும் கையிருப்பாக இரண்டு வாரம். ஆகப் பத்து வாரம். தைக் கலியாணத்துக்கு ஐப்பசியிலேயே தொடங்கிவிட வேண்டும். தீபாவளியும் அந்த மாதத்தில் வருவதால், எண்ணெய்க் குளியலுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாகவோ, குளியல் முடிந்த பிறகோ நாள் வையுங்கள். நலங்கு வைத்து முகத்துக்கு மஞ்சளும் சந்தனமும் பூசும் நாளுக்குள் தோல் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கலியாணம் முடிந்து பார்க்கலாம் என்று தள்ளினால், பிள்ளை உண்டாகிவிட்டால் மறுபடி ஒன்றிரண்டு வருஷம் பொறுக்க நேரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பத்து வாரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நூலால் திருத்தி, கறுப்பு கலந்த பழுப்புப் பென்சிலால் மயிர் மயிராகத் தீற்றினால் மணவறைக்கும் படத்துக்கும் அது போதும். பென்சில் சில வெள்ளிதான், இரவில் கழுவினால் போய்விடும். கறுப்பு மருதாணி என்று சொல்லிப் புருவத்தில் பூச வந்தால் மட்டும் வேண்டாமென்று சொல்லுங்கள். சுத்தமான மருதாணி கறுக்காது. கறுக்க வைக்க அதில் முடிச்சாய மருந்து கலந்திருக்கலாம், அது தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

தாயே, உங்கள் மகள் தன் உழைப்பில் சம்பாதித்த காசில் ஆசைப்படுகிறாள். வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடுக்காதீர்கள். காது மடலைத் தடவிப் பாருங்கள், நாட்காட்டியில் பத்து வாரத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் நீங்களே கூடப் போய், அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா