எல்லை தாண்ட வேண்டிய எச்சரிக்கை

அல்சைமர் நோய்க்கான டொனானெமாப் மருந்தை இந்தியாவில் விற்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ஆம் ஆண்டு அனுமதி அளித்தது. நோயின் தொடக்க நிலையில் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்து இது; இழந்த நினைவை மீட்டுத் தராது.

ஆனால், பக்கவிளைவு சாதாரணமானதல்ல. மூளையில் படிந்த அமிலாய்டு புரதத்தை மருந்து அகற்றும்போது ரத்த நாளங்களில் கசிவு ஏற்படலாம். 2023-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மூளை வீக்கமும் 31 சதவீதம் பேருக்கு ரத்தக் கசிவின் அடையாளங்களும் தென்பட்டன. பெரும்பாலும் இவை ஸ்கேனில் மட்டுமே தெரிந்தன என்றாலும், மூவரின் மரணம் மருந்துடன் தொடர்புபடுத்தப்பட்டது. எனவேதான் அமெரிக்காவில் முதல் தவணைக்கு முன்பும், பின்னர் 2, 3, 4, 7-ஆம் தவணைகளுக்கு முன்பும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை வலியுறுத்தப்படுகிறது.

கேரள எல்லைத் தமிழர்கள் இதில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. மூணாறு, பூப்பாறை பகுதி மக்கள் பலர் பெரிய சிகிச்சைக்குப் போடிமெட்டு இறங்கித் தேனிக்கு வருகின்றனர். கொழிஞ்சாம்பாறை மக்களுக்குக் கோவை. கொச்சியில் இம்மருந்தைப் பெற்ற முதியவர் ஒருவர் பேச்சுக் குழறிய நிலையில் தேனிக்குக் கொண்டுவரப்பட்டால், மருத்துவர் பக்கவாதம் என்றே கருதக்கூடும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடவும்கூடும். இதே வகையைச் சேர்ந்த லெகானெமாப் பெற்றுவந்த அமெரிக்க நோயாளி ஒருவர், அந்த ஊசி போடப்பட்டதும் மூளையில் ரத்தப்பெருக்கு ஏற்பட்டு இறந்தார். 2023 ஜனவரியில் மருத்துவ இதழில் இது பதிவாகியுள்ளது. என்ன மருந்து பெற்றோம் என்பதை நோயாளியே சொல்வார் என எதிர்பார்க்க முடியுமா? மறதிதானே அவரது நோய்!

மருந்தின் பெயர், கடைசித் தவணை பெற்ற தேதி, தவிர்க்க வேண்டிய ஊசி ஆகியவற்றைத் தமிழ், மலையாளம், ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டையை ஒவ்வொரு நோயாளிக்கும் தருவதை மத்திய சுகாதார அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010 முதல் தேசியத் திட்டம் இயங்குகிறது. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. எல்லைக் கிராமங்களில் எத்தனை பேர் அதை அறிவார்கள்?

முல்லைப் பெரியாறு என்றால் இரு மாநில உறுப்பினர்களும் அவையில் எதிரெதிரே நிற்கின்றனர். இதில் அத்தகைய சச்சரவு எதுவுமில்லை. ஆலத்தூர், இடுக்கி, தேனி, கோவை உறுப்பினர்கள் கூட்டாகவே இக்கேள்வியை மக்களவையில் எழுப்பலாம். மருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன் அமைச்சரின் பதில் வர வேண்டும்.