உப்புக்காற்றுக்குக் கணக்கில் இடமில்லை

மீஞ்சூர் வட்டாரக் கரையிலுள்ள காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன், தண்ணீர் சென்னைக்கு. பக்கத்திலேயே துறைமுகம், சற்றுத் தள்ளி அனல்மின் நிலையங்கள். இத்தனை தொழில்நுட்பத்துக்கு இடம் கொடுத்த கரையின் மீனவப் பிள்ளைகளுக்குக் கணினிக் கல்வி கொடுக்கத்தான் கையெழுத்துத் தகராறு குறுக்கே நிற்கிறது.

அரசுப் பள்ளிகளின் கணினிக்கூடம், திறன் வகுப்பறை ஆகியவற்றுக்கு ஒன்றிய அரசின் பணம் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் வழியே வருகிறது. ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கு. 'பி.எம். ஸ்ரீ' என்ற வேறொரு திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான நிதி நிறுத்தப்பட்டது. மாநிலத்தின் கணக்கில் அது சுமார் 2,152 கோடி ரூபாய். 2025 மே மாதம் தமிழக அரசின் வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. கையெழுத்திட ஆர்வம் தெரிவித்து 2024 மார்ச்சில் தமிழகத் தலைமைச் செயலர் எழுதிய கடிதத்தை ஒன்றிய அரசு காட்டுகிறது. காட்டட்டும். ஒரு திட்டத்தில் சேர மறுத்ததற்கு இன்னொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைப்பது கல்வி நிர்வாகமல்ல, வட்டிக்கடை நியாயம்.

பணம் வந்தாலும் கரைக்கு அது போதாது. கணினிக்கூடம் அமைக்க ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் 6.40 லட்சம் ரூபாய், நடத்த ஆண்டுக்கு 2.40 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுக்கு என்பது சமக்ர சிக்ஷாவின் விதி. ஆறாம் வகுப்புக்குக் கீழே இதில் இடமில்லை. பாலைவனத்துக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரே கணக்கு. உப்புக்காற்று இரும்பையே தின்னும். கணினியின் மின்தகடு எம்மாத்திரம்? படகு எஞ்சினுக்குப் பராமரிப்புச் செலவு உண்டென்பது குப்பத்துச் சிறுவனுக்கும் தெரியும்.

2017இல் வந்த 'தீக்ஷா' இணையப் பாடத் தளத்தையும் கொரோனாக் காலத்தின் 'பி.எம். இ-வித்யா' திட்டத்தையும் சாதனையாகச் சொல்வார்கள். பாடங்கள் நல்லவையே. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்றால் அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். பாடம் பள்ளியில்தான் திறக்கப்பட வேண்டும். அதற்கு அறுபடாத இணையமும் பழுது பார்க்க ஆளும் வேண்டும்.

ஆகவே நிறுத்திய நிதியை ஒன்றியம் நிபந்தனையின்றி முழுமையாக விடுவிக்க வேண்டும். கடலோரப் பள்ளிகளுக்குப் பராமரிப்புத் தொகையைத் தனியாகக் கூட்டி, ஐந்தாண்டு வரம்பை எடுக்க வேண்டும். மாநில அரசும் வழக்கைக் காட்டிக் கைகட்டி நிற்கலாகாது: தீர்ப்பு வரும்வரை மீஞ்சூர் வட்டாரக் கரைப் பள்ளிகளின் பழுதான கருவிகளைத் தன் பணத்தில் சீராக்கி, அந்தச் செலவையும் டெல்லியிடம் கேட்கட்டும்.