பரமபதம் விற்றது எப்படி?

சுற்றுச்சூழல் பாடம் சொல்லும் விளையாட்டு அட்டைகள் இப்பொழுது விற்பனைக்கு வருகின்றன. நல்ல காரியம். ஆனால் அவை யார் வீட்டுக்குப் போகின்றன?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும் தகப்பனார் பெட்டிக்கடையில் நிற்கிறார். குழந்தைக்கு மிட்டாய் வாங்குகிறார். பளபளப்பான விளையாட்டுப் பெட்டி அங்கே இல்லை. இருந்தாலும் விலையைக் கேட்டதும் நகர்ந்துவிடுவார். காற்றையும் தண்ணீரையும் பற்றி அதிகம் தெரிய வேண்டியது அந்த வீட்டுக் குழந்தைக்குத்தானே!

பாம்பும் ஏணியும்

பரமபதத்தைப் பாருங்கள். ஒரே ஒரு காகிதம். வைகுண்ட ஏகாதசி இரவில் விடிய விடிய ஆடுவார்கள். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். யாரும் பாடம் நடத்தவில்லை. பாம்பு கடித்துக் கீழே வந்தவனுக்குத் தானாகவே புரிந்தது.

புதிய ஆட்டமும் அப்படித்தான் இருக்க வேண்டும். பனிக்கரடிப் படம் எதற்கு? பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் இரண்டாவது பெரியது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டி இரை தின்னும். அதை அட்டையில் போடலாம். சென்னைக்குக் குடிநீர் தருவதற்காக 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் ஓர் ஏணி வைக்கலாம்.

கழிவுநீர்க் கட்டத்தில் ஒருவன் விழுந்தால், அவன் காய் மட்டும் இறங்கக் கூடாது. எல்லார் காயும் இறங்க வேண்டும். ஊரில் நடப்பது அதுதானே!

பாடம் பறிபோன கதை

பாடத்தை ஆட்ட விதியிலேயே வைக்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் எலிசபெத் மாகி என்ற அம்மையார் 1904-ல் ஓர் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் முழுவதும் ஒருவர் கையில் சேர்வது தீமை என்று காட்டுவதே அவர் நோக்கம். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 500 டாலருக்கு அந்த உரிமையை வாங்கியது. உலகமெங்கும் விற்றது வேறு ஆட்டம். அதன் பெயர் மொனாப்பலி. அதில் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டவனே வெற்றி வீரன்!

அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பதும் வேடிக்கைதான். காய்க்குப் புளியங்கொட்டை போதும்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோவிலுக்கு அமாவாசைதோறும் கூட்டம் வருகிறது. அங்கே கடை போடலாம். ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் விற்கும் கடைகளிலும் கொடுக்கலாம். அட்டைக்கு இரண்டு ரூபாய் லாபம் நின்றால் போதும். கடைக்காரரே வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்.