நல்லவை தாமே நிலைக்குமா?

கலை காலத்தை வெல்லும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். நல்லவை தாமே நிலைக்கும், அல்லவை தாமே அழியும் என்று மாணவரைக் கட்டுரையும் எழுதச் சொல்லுகின்றோம். கேட்பதற்கு இனிய கொள்கை இது. நம்மிடம் எவ்வுழைப்பையும் வேண்டாத கொள்கையும் இதுவே. அதனாலேயே நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆயின் இக்கொள்கை உண்மையன்று. உண்மையன்று என்பதோடு, இந்நாட்டுத் தமிழுக்குப் பெருந்தீங்கும் செய்து வருகின்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிம்பாங் ரெங்கத்தில், அன்னாசித் தோட்டங்களையும் செம்பனைக் காடுகளையும் கடந்து பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒரு தேநீர்க் கடை உண்டு. அங்கு ஒரு நாள் ஆசிரியர் மூவர் அமர்ந்திருந்தோம். வானொலியில் ஆலிகேட்ஸ் குழுவினரின் ‘செனியும்லா கோலாலம்பூர்’ ஒலித்தது. கடைப் பையனும் கூடவே முணுமுணுத்தான். அப்பாட்டு வெளிவந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை. அவன் தாயும் சிறுமியாகவே இருந்திருப்பார். மூத்த நண்பர் பெருமூச்செறிந்து, “ஆறுமுகம் பெற்ற பிள்ளைகள் பாடிய பாட்டு இது. தமிழில் பாடியிருந்தால் இன்று யார் வாங்குவார்? மலாயில் பாடினார்கள், பிழைத்தார்கள்” என்றார். இளைய ஆசிரியர், “அப்படியன்று ஐயா. பாட்டு நன்றாயிருந்தது, அதனால் நின்றது” என்றார்.

இருவர் கூற்றையும் அன்று முதல் எண்ணிப் பார்த்து வருகின்றேன். இரண்டும் பிழை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆலிகேட்ஸ் குழுவினரை அறியாத மலேசியர் அரியர். பினாங்கைச் சேர்ந்த உடன்பிறப்புகளான லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் முன்னின்று நடத்திய குழு அது. 1970களின் இறுதி தொட்டு அவர்கள் மலாய்ப் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிந்து நாடெங்கும் புகழ் பெற்றனர். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் அவர்களுக்குப் பல பாடல்களை இயற்றித் தந்தார். லோகநாதன் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறைந்தார். ஆயினும் அவர் குரல் விற்பனையிலிருந்து மறையவில்லை. இசைத்தட்டில் விற்றது ஒலிநாடாவில் விற்றது. ஒலிநாடாவில் விற்றது குறுந்தட்டில் விற்றது. இன்று கைப்பேசியில் கேட்கப்படுகின்றது. தமிழ்க் குடியிற் பிறந்த இருவர் தேசிய மொழியில் பாடி, இந்நாட்டு மக்கள் அனைவர் நெஞ்சிலும் இடம் பெற்றமை நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அவர்கள் மலாயில் பாடியது தமிழுக்குச் செய்த இரண்டகம் என்று பேசுவோர் பேச்சை நான் ஏற்பதில்லை. நம் வீட்டு விளக்கு அணைந்ததற்கு அடுத்த வீட்டு விளக்கைப் பழிப்பது அறிவுடைமையாகாது.

பழைய பதிவுகள் விற்பனையில் நிலைத்து நிற்பது உலகெங்கும் காணும் காட்சி. ‘பிங்க் ஃபுளாய்ட்’ என்னும் ஆங்கில ராக் குழு 1973இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு, 1988 வரை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இடம் பெற்றிருந்தது. அக்குழுவின் ஒலிப்பதிவு உரிமைகளை 2024இல் சோனி நிறுவனம் ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் கூறின. பீட்டில்ஸ் குழுவினர் பிரிந்தது 1970இல். அவர்களுடைய பழம்பாடல்களைத் தொகுத்து 2000இல் வெளியிட்ட குறுந்தட்டு பல நாடுகளில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் இன்று கேட்கப்படும் இசையில் பெரும்பகுதி, வெளிவந்து ஒன்றரை ஆண்டு கடந்த பழைய இசையே என்று கணக்கெடுப்போர் கூறுகின்றனர்.

இவை வியப்பிற்குரிய செய்திகள் அல்ல. இவற்றின் பின்னே உள்ள உழைப்பே வியப்பிற்குரியது. ஒரு பழம்பாட்டு நாற்பதாண்டு விற்க வேண்டுமாயின் நான்கு செயல்கள் நடந்திருக்க வேண்டும். முதலாவதாக, மூல ஒலிநாடாவைப் பூஞ்சணம் பற்றாமல் ஒருவர் காத்திருக்க வேண்டும். இரண்டாவதாக, அதன் உரிமை யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, கருவி மாறுந்தோறும் அப்பதிவைப் புதிய வடிவுக்கு மாற்றியிருக்க வேண்டும். நான்காவதாக, புதிய தலைமுறையின் செவியில் அது விழும்படி வானொலியிலோ திரையிலோ விழாவிலோ ஒருவர் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்திருக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று தவறினும் எவ்வளவு சிறந்த பாட்டும் மண்ணாகிப் போகும். ஆகவே பழம்பாட்டின் விற்பனை பாட்டின் தரத்தை மட்டும் காட்டுவதன்று. காப்பாளரின் விழிப்பையும் காட்டுவது.

மூத்த நண்பரின் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழில் பாடியிருந்தால் விற்காது என்றார். மலாய்ப் பாடலுக்கு இந்நாட்டில் கேட்போர் மிகுதி என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தமிழ்ப் பழம்பாட்டு விற்காதா? நாய்ப் படம் பொறித்த இசைத்தட்டை நம்முள் மறந்தவர் யார்? அதனை வெளியிட்ட இந்திய கிராமபோன் நிறுவனம் இன்று சரிகம என்னும் பெயரில் இயங்குகின்றது. அந்நிறுவனம் 2017இல் ‘கார்வான்’ என்னும் வானொலிப் பெட்டி போன்ற கருவியொன்றை முதலில் இந்திப் பாடல்களோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் தமிழிலும் வந்தது. ஆயிரக்கணக்கான பழம்பாடல்கள் அதனுள்ளேயே பதியப்பட்டிருந்தன. புதிய பாட்டு ஒன்றுகூட இல்லாத அப்பெட்டி பல இலட்சக் கணக்கில் விற்றது. கண்ணதாசன் மறைந்தது 1981இல். டி. எம். சௌந்தரராசன் மறைந்தது 2013இல். மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் மறைந்தது 2015இல். அவர்களுடைய பாடல்கள் இன்றும் விலைபோகின்றன. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தைத் துலக்கி 2012இல் மீண்டும் திரையிட்டபோது, திரையரங்குகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. எங்கள் ஊர்த் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இன்றும் ஒலிபெருக்கியில் முதலில் எழுவது அப்பழைய குரல்களே. ஆகவே தமிழ் என்பதால் விற்கவில்லை என்பது பொய். காக்கப்பட்ட தமிழ் விற்கின்றது. காக்கப்படாத தமிழ் விற்கவில்லை. இதுவே உண்மை.

இனி இளைய ஆசிரியரின் கூற்று. நன்றாயிருந்தது, நின்றது என்றார். அவரை நான் ஒன்று கேட்பேன். ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று மாணவரைக் கேட்டால் ஐந்து பெயரும் சொல்லுகின்றனர். அவற்றுள் வளையாபதி எங்கே? குண்டலகேசி எங்கே? உதிரியாகச் சில செய்யுள்களே நமக்குக் கிடைத்துள்ளன. அவை தரம் குறைந்தமையாலா அழிந்தன? முத்தொள்ளாயிரத்தில் எஞ்சியவை ஏறத்தாழ நூற்றுப்பத்துப் பாடல்கள். அவையும் புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் ஒருவர் இருந்தமையால் பிழைத்தன. எஞ்சிய பாடல்களின் அழகைக் காணும்போது, அழிந்தவை இவற்றினும் தாழ்ந்தவை என்று எவர் கூறத் துணிவார்?

சங்க இலக்கியமே அழிவின் விளிம்பில் நின்றதன்றோ? சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றினார். ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, கடன்பட்டும் அச்சிட்டனர் அப்பெருமக்கள். நல்லவை தாமே நிலைக்கும் என்று அவர்கள் திண்ணையில் அமர்ந்திருந்தால், நாம் இன்று பாடம் நடத்தப் புறநானூறு ஏது? அவர்கள் பெயரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்விக்கின்றோம். அவர்கள் செய்த தொழிலை மட்டும் நாம் செய்வதில்லை.

இந்நாட்டில் நாம் இழந்தவற்றை எண்ணிப் பாருங்கள். உள்ளூர்க் கவிஞர்கள் எழுதிய பாடல்களுக்கு உள்ளூர் இசைவாணர் மெட்டமைத்து, உள்ளூர்ப் பாடகர் பாடி, வானொலியில் ஒலித்த காலம் உண்டு. தமிழ் இசைக்குழுக்கள் ஊர்தோறும் இருந்தன. சில பாடல்கள் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வெளிவந்தன. இன்று எங்கள் ஊரிலிருந்து குளுவாங் வரை, ஜொகூர் பாரு வரை கடைகடையாய் ஏறி இறங்கினாலும் அவற்றுள் ஒன்றை விலைக்கு வாங்க இயலுமா? உள்ளூர்த் தமிழ் நூல்களின் நிலையும் இதுவே. வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் மலிந்திருக்கும். ஐந்தாண்டு கழித்து அந்நூலைக் கேட்டால், எழுதியவரிடமே படி இராது.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் நான் பணிசெய்த தோட்டப் பள்ளி புதிய கட்டடத்திற்கு மாறியது. பழைய அலமாரியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதனுள் கலைவிழாக்களில் மாணவர் பாடிய பாடல்களின் ஒலிநாடாக்கள்; அப்பள்ளியின் முன்னாள் ஆசிரியர் ஒருவர் எழுதிய தோட்டப்புறப் பாடல்களின் சைக்ளோஸ்டைல் படிகள். நாடாக்களில் வெண்பூஞ்சணம் பூத்திருந்தது. பொருட்பட்டியலில் அப்பெட்டி இல்லை. பட்டியலில் இல்லாததை ஏற்றிச் செல்வானேன் என்று எண்ணி, குப்பையோடு எரிக்கச் சொன்னவன் நான். இரண்டாண்டுகட்கு முன் அப்பள்ளியின் பழைய மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். தம் மகள் போட்டியில் பாடுவதற்கு அவ்வாசிரியரின் பாட்டொன்று வேண்டும் என்றார். முதற்கண்ணியைப் பாடியும் காட்டினார். அடுத்த கண்ணி நினைவில் இல்லை என்றார். எனக்கும் முதற்கண்ணியே நினைவில் இருந்தது. அந்தப் பாட்டு நன்றாக இல்லாமலா அழிந்தது? நாற்பதாண்டு கடந்தும் ஒரு தாய் நெஞ்சில் பாதி நின்றதே! மீதிப் பாதியை அழித்தது காலமன்று, நான்.

இங்குச் சிலர் தடை எழுப்பக்கூடும். இலக்கியத்திற்கும் விற்பனைக்கும் என்ன தொடர்பு, வாணிகர் வேலையை நாம் செய்வதா என்பர். விற்பனை என்பது வெறும் இலாபமன்று. வேண்டுவோர் கைக்கு வேண்டும்போது பொருள் சேர்வதே விற்பனை. கைக்குச் சேராத இலக்கியம் எத்துணை உயர்ந்ததாயினும் பூட்டிய பெட்டியில் உள்ள விளக்கே.

இளைஞர்க்குச் சுவையுணர்வு இல்லை என்பர் வேறு சிலர். காணாத நூலை எங்ஙனம் சுவைப்பர்? தேநீர்க் கடைப் பையன் ஆலிகேட்ஸ் பாட்டை முணுமுணுத்தது, அது அவன் செவிக்கு எட்டியமையால். நம் பாட்டை அவன் பாடாமைக்கு அவனைப் பழிப்பது, பரிமாறாமலே உண்ணவில்லை என்று விருந்தினரை நோவது போலாகும்.

எல்லாம் இணையத்தில் உள்ளன என்பர் மற்றும் சிலர். இணையத்தில் தாமே ஏறிக்கொண்டவை எவை? யாரோ ஒருவர் ஏற்றினார். நாளை அவரே இறக்கினால் இல்லை. ஏற்றியவற்றிலும் எழுதியவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

காக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிடலாகாது என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. பாரதியார் 1921இல் மறைந்தபின், அவர் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை தனியார் கைக்குச் சென்றது. சான்றோர் பலர் குரல் எழுப்பினர். சென்னை மாகாண அரசு 1949இல் உரிமைகளை ஏற்று, பின்னர் 1950களில் அனைவர்க்கும் பொதுவாக்கியது. மக்கள் கேட்டமையால் பாரதி மக்களுடைமை ஆனார்.

நாம் செய்யக்கூடியவை பெரியன அல்ல. நம் நாட்டு 1986ஆம் ஆண்டுச் சட்டம், வெளியிடும் ஒவ்வோர் அச்சு நூலிலும் ஐந்து படிகளையும், ஒலிப்பதிவாயின் இரண்டு படிகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுகின்றது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தேடும் நம் எழுத்தாளர் ஒவ்வொருவரும் அவ்வைந்து படிகளை முதலில் அனுப்புக. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டிலிருந்து 50 ஆண்டுகளே. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவர் மறைந்தபின் 50 ஆண்டுகள். ஆகவே 1970களின் தொடக்கத்துப் பதிவுகளை, கவிஞர், இசையமைப்பாளர் குடும்பத்தாரின் இசைவு பெற்று மீண்டும் வெளியிட வழி உண்டு. எழுத்தாளர் சங்கம் ஆண்டுக்குப் பத்துப் புது நூல் வெளியிடுவதற்கு மாறாக, எட்டுப் புது நூலும் இரண்டு பழைய நூலும் வெளியிடுக. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஓர் அலமாரியை ஒதுக்கி, தன் ஊரில் எழுதப்பட்டவை, பாடப்பட்டவை அனைத்தையும் பொருட்பட்டியலில் ஏற்றி வைத்திடுக.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. இவ்வார இறுதியில் உங்கள் பாட்டியிடம் செல்லுங்கள். தோட்டத்தில் அவர் கேட்ட பாட்டொன்றைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுங்கள். இரண்டாம் கண்ணியையும் கேட்டு வாங்குங்கள். முதற்கண்ணியோடு நின்றுவிட்ட ஒரு தலைமையாசிரியனின் வேண்டுகோள் இது.