ஆகாசத்தில் ஒரு குடித்தனம்

ஆகாசத்தில் குடியிருப்பவர்கள் என்றால் நமக்குத் தேவர்களும் கந்தர்வர்களுந்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் வீடு பெருக்கியதாகவோ, ஒட்டடை அடித்ததாகவோ கேள்விப்பட்டதுண்டா? ஆனால் நம் தலைக்கு மேலே, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நிஜமாகவே ஒரு வீடு இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் என்று அதற்குப் பெயர். 2000-ஆம் வருஷம் நவம்பர் மாதம் முதல் குடியேறினார்கள். அன்று தொட்டு அது ஒரு நாள்கூடப் பூட்டிக் கிடந்ததில்லை. சாதாரணமாக ஏழு பேர் அங்கே வசிக்கிறார்கள். அவர்கள் பொழுது எப்படிப் போகிறது என்று விசாரித்துப் பார்த்தால், நேயர்களே, உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆராய்ச்சி செய்த நேரம் போக மற்றதெல்லாம் வீட்டு வேலைதான்!

அந்த வீடு மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வர 90 நிமிஷம். ஆகவே ஒரு நாளைக்குச் சுமார் 16 சூரியோதயங்கள். ஒவ்வோர் உதயத்துக்கும் எழுந்து வாசல் தெளிப்பதென்றால் உடம்பு தாங்குமா? அதனால் அவர்கள் கிரீன்விச் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அதன்படி காலை ஆறு மணி வாக்கில் எழுந்து, இரவு ஒன்பதரை மணி வாக்கில் படுக்கிறார்கள். இடையில் செய்ய வேண்டிய ஒவ்வொரு காரியமும் கால அட்டவணையில் நிமிஷக் கணக்காகக் குறித்திருக்கும். திரையில் ஒரு சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டே வந்து, ‘அடுத்த வேலை என்ன?’ என்று மாமியாரைப் போல் விரட்டும்.

அங்கே எந்தப் பொருளும் வைத்த இடத்தில் நிற்காது. ரொட்டியைப் பிய்த்தால் துகள்கள் பறந்து கண்ணிலும் இயந்திரத்திலும் புகுந்துவிடும். ஆகையால் நம் சப்பாத்தியைப் போன்ற, மெக்ஸிகோ தேசத்து டார்ட்டியாதான் ஆகாரம். உப்பைத் தண்ணீரில் கரைத்தும், மிளகுத் தூளை எண்ணெயில் கலந்தும் வைத்திருக்கிறார்கள். துணி தோய்ப்பது கிடையாது. அதற்குத் தண்ணீர் ஏது? வியர்வை, மூச்சில் வரும் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். 2023-ஆம் வருஷம் நடந்த சோதனையில், இப்படி நூற்றுக்கு 98 பங்கு தண்ணீர் திரும்பக் கிடைத்தது. தண்ணீரை இவ்வளவு சிக்கனமாகச் செலவு செய்யும் குடும்பம் வேறெங்கும் இராது!

சனிக்கிழமை வந்தால் வீடு முழுவதும் சுத்தம் செய்ய வேண்டும். ஆண், பெண் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. தூசி உறிஞ்சும் குழாயை எடுத்துக்கொண்டு காற்று வடிகட்டிகளைத் துப்புரவு செய்கிறார்கள். காணாமற்போன சாமான்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இது வெறும் அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எடையில்லாத அந்த இடத்தில், வெளியே விட்ட மூச்சு தானாக மேலே போகாது; தூங்குகிறவரின் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். விசிறிகள் ஓய்வில்லாமல் சுழல வேண்டும். தூசி அடைத்தால் சுழலாது. ஆக, வீடு பெருக்குவது அங்கே உயிர் காக்கும் காரியம்.

இன்னொரு சமாசாரம் கேளுங்கள். 2012-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ஆம் தேதி, நிலையத்துக்கு மின்சாரம் பகிர்ந்தளிக்கும் பெட்டி ஒன்றைப் புதிதாகப் பொருத்த, சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானியரான அகிஹிகோ ஹோஷிடேயும் வெளியே போனார்கள். திருகாணி உள்ளே இறங்கவில்லை. துவாரத்தில் உலோகத் துகள்கள் அடைத்திருந்தன. எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடிவிட்டுத் திரும்பினார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை கையில் இருந்த புதுக் கருவி என்ன தெரியுமா? பல் தேய்க்கும் பிரஷை வைத்து உள்ளேயே செய்துகொண்ட துடைப்பான்! துவாரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் திருகாணி இறங்கியது. கோடானுகோடி டாலர் செலவில் கட்டிய வீட்டின் விளக்கெரியும் காரியம், ஒரு பல் பிரஷால் சரியாயிற்று.

மறு வருஷம் அங்கே இருந்த கேரன் நைபர்க் என்ற பெண்மணி, மூன்று வயதுப் பிள்ளையைப் பூமியில் விட்டுவிட்டுப் போனவர். ஓய்வு நேரத்தில், உணவுப் பெட்டியின் உட்புறத் துணியைக் கிழித்து, பழைய சட்டையை உள்ளே அடைத்து, குழந்தைக்கு ஒரு டைனோஸர் பொம்மை தைத்து முடித்தார். தாயின் கை எந்த உயரத்தில் இருந்தாலும் சும்மா இராது அல்லவா?

வேலை ஓய்ந்ததும் எல்லோரும் தேடிப் போகும் இடம் ஒன்று உண்டு. 2010-ஆம் வருஷம் பொருத்திய, ஏழு கண்ணாடிகள் கொண்ட ஜன்னல் மாடம் அது. கீழே பூமி உருண்டு போகிறது. பகலில் தேசங்களுக்கு நடுவே பெரும்பாலும் கோடு எதுவும் தெரியாது. இரவிலோ, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே காவல் விளக்குகள் ஓர் ஆரஞ்சுக் கோடாக நீண்டு எரிகின்றன. மேகத்துக்குள் மின்னல் வெட்டுவதை மேலிருந்து பார்க்கலாம். பூமியின் விளிம்பில் மெல்லிய நீல நூல் ஒன்று ஓடுகிறது. அதுதான் நாம் சுவாசிக்கும் காற்று மண்டலம். அவ்வளவுதான் அதன் கனம்!

காலையில் வடிகட்டியைத் துடைத்தவர் மாலையில் அந்த நூலைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்? ஏழு பேருடைய மூச்சுக்கும் தண்ணீருக்கும் இங்கே இத்தனை இயந்திரம், இத்தனை கை வேலை. கீழேயோ, வெயில் தண்ணீரை முகந்து மழையாகக் கொடுக்கிறது. செடி கொடிகள் காற்றைச் சுத்தம் செய்கின்றன. யாரும் அதற்குக் கூலி கொடுப்பதில்லை, நன்றிகூடச் சொல்வதில்லை. நம் வீட்டு அடுப்பங்கரை வேலையும் இதே ஜாதிதான். நடக்கிறவரை ஒருவர் கண்ணிலும் படாது; ஒரு நாள் நின்றால்தான் வீடே திண்டாடும். விண்வெளியில் அதற்கு ஒரு மரியாதை செய்திருக்கிறார்கள். ஆராய்ச்சி எழுதும் அதே அட்டவணையில், வீடு பெருக்குவதையும் உத்தியோகமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டை உங்கள் மொட்டை மாடியிலிருந்தே சில நாட்களில் பார்க்கலாம். அந்தி மயங்கிய பிறகோ, விடிவதற்கு முன்போ, கண் சிமிட்டாத பிரகாசமான நட்சத்திரம் ஒன்று சில நிமிஷங்களில் வானத்தைக் கடந்து போகும். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதில் இருக்கும் ஆண்பிள்ளைகளும் சனிக்கிழமை தோறும் வீடு பெருக்குகிறார்கள் என்ற சமாசாரத்தை, அந்தச் சமயம் பார்த்து மெதுவாகச் சொல்லி வையுங்கள்!