ஓம் விதியும் ஓசூர் லாரியும்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நம் மாவட்டத்தைப் பற்றி எழுதுவோர் மாம்பழத்தை விடுவதில்லை. கிரானைட் கல்லை விடுவதில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளையும் விடுவதில்லை. இம்மூன்றையும் சுமந்து செல்லும் லாரியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அப்படி எழுத வருவோரும் எஞ்சினைப் பேசுவார்கள், டயரைப் பேசுவார்கள். ஒயரிங்கைப் பேசுவார் இல்லை. பழைய டீசல் லாரியில் முதலில் கிழடு தட்டுவது பெரும்பாலும் எஞ்சின் அன்று, ஒயரிங்கே என்பது என் கருத்து. அதற்கு ஒட்டுப் போடுவதை விட்டு, முழுவதும் மாற்றி, ஒரு வரைபடத்தோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். அப்பழக்கம் வருவதில் நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

1980-ஆம் ஆண்டில் ஓசூரில் அசோக் லேலண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2021-இல் போச்சம்பள்ளி அருகே மின்சார ஸ்கூட்டர் ஆலையே வந்துவிட்டது. ஒரு பக்கம் கணிப்பொறி மூளையோடு வண்டிகள் பிறக்கின்றன. மறு பக்கம், அதே நெடுஞ்சாலையின் ஓரப் பட்டறைகளில், பதினைந்து இருபது ஆண்டு உழைத்த லாரிகள் இன்சுலேஷன் டேப்பை நம்பி நிற்கின்றன. சேலம் சாலையும் சென்னைச் சாலையும் பெங்களூர்ச் சாலையும் கூடும் ஊர் கிருஷ்ணகிரி. இங்கே நல்ல ஒயரிங் வேலை நடந்தால் அதன் பயன் பல மாநிலங்களுக்குப் போகும். கெட்ட வேலை நடந்தால் கேடும் அவ்வாறே போகும்.

பழைய லாரியின் ஒயரிங் ஏன் கவனிப்பாரற்றுப் போனது? அந்த எஞ்சினின் அமைப்பே ஒரு காரணம். அதன் டீசல் பம்ப் இயந்திர முறையில் இயங்குவது. செல்ப் மோட்டார் ஒருமுறை சுற்றி எஞ்சின் பிடித்துவிட்டால், பிறகு ஓடுவதற்கு மின்சாரம் அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே ஒயரிங் பாதி கெட்ட பின்னும் வண்டி ஓடும். ஓடுகிற வண்டியை யார் நிறுத்துவார்கள்? எஞ்சின் அதிர்வு, எண்ணெய்க் கசிவு, சைலன்சர் சூடு, குவாரித் தூசி, மழை ஆகிய ஐந்தும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஒயரைத் தின்றுகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும் நாளில் அது நடு இரவாக இருக்கும்.

இங்கேதான் நாம் வகுப்பறையில் படிக்கும் ஓம் விதி சாலைக்கு வருகிறது. 24 வோல்ட் லாரியில் இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். அந்த வழியில், முறுக்கி டேப் சுற்றிய ஓர் இணைப்பு துருவேறி, அதன் தடை அரை ஓம் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அரை ஓம் என்பது பரீட்சைத் தாளில் அற்பம். சாலையில் அற்பமன்று. கிட்டத்தட்ட 3 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தம் குறைவதைவிட வெகு வேகமாகக் குறையும் இயல்புடையது. எனவே எட்டில் ஒரு பங்கு வோல்ட் போனால் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். போன ஆற்றல் எங்கே போயிற்று? ஏறத்தாழ 15 வாட் வெப்பமாக அந்த டேப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிறு சால்டரிங் அயனை டேப் சுற்றி, எண்ணெய் படிந்த இடத்தில் செருகி வைத்ததற்கு ஒப்பு இது. பியூஸ் இதைக் காப்பாற்றாது. மின்னோட்டம் கூடினால்தான் பியூஸ் போகும். இங்கே மின்னோட்டம் குறைந்தல்லவா இருக்கிறது!

பின் விளக்கின் கதை இன்னும் கொடியது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். ஷிப்டு முடிந்து ஓசூரிலிருந்து சூளகிரிக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். 155 மீட்டரில் விளக்கைக் கண்டால் அவருக்கு 9 விநாடி உண்டு. விளக்கு எரியாமல், 20 மீட்டரில்தான் லாரியின் உருவம் தெரிந்தால், ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதல். அந்த எட்டு விநாடியைப் பறித்தது துருப்பிடித்த ஓர் எர்த் ஒயராக இருக்கலாம்.

'ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டுகிறார்களே' என்பீர்கள். எட்டு ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுக்கொரு முறை தகுதிச் சான்று வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அன்று விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும், அவ்விளக்குக்குப் போகும் ஒயர் இன்னும் ஓராண்டு தாங்குமா என்று பார்ப்பதும் வேறு வேறு. முன்னதற்குக் கண் போதும். பின்னதற்கு மீட்டர் வேண்டும்.

பட்டறைக்காரரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. லோடுடன் நிற்கும் வண்டியை நள்ளிரவில் ஒரு டெஸ்ட் லேம்பை மட்டும் வைத்துக்கொண்டு கிளப்பிவிடுவது எளிய கலையா? அன்றைய இரவுக்கு அந்த ஒட்டு நியாயமானதே. அந்த ஒட்டு அப்படியே நிரந்தரமாகிவிடுவதில்தான் குற்றம். கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் போடப்படுகிறது. சிவப்பாயிருந்தது பச்சையாகிறது. அடுத்த பட்டறையில் அது கறுப்பாகிறது. பத்து ஒட்டுக்குப் பின் அந்த லாரியின் ஒயரிங் எவருடைய அறிவிலும் இல்லை. போதாக்குறைக்கு, பாட்டுப் பெட்டிக்கென்று இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துவிடுகிறார்கள். ஒன்று பட்டினி கிடக்க, மற்றொன்றுக்கு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி, இரண்டும் விரைவில் கெடுகின்றன. அதற்கென 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் இருக்கிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஒயரிங்கை முழுவதும் மாற்றும்போது சில ஒழுங்குகளைக் கைவிடக் கூடாது. இழுக்கும் ஆம்பியருக்கும் போகும் நீளத்துக்கும் ஏற்ற தடிமனில் ஒயர் வேண்டும். ஒயருக்கு ஏற்ற பியூஸ், பேட்டரிக்கு அருகிலேயே வேண்டும். முறுக்கலுக்குப் பதில் லக் வைத்து அழுத்திய இணைப்பு வேண்டும். தகட்டுத் துளையில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். முகப்பு விளக்கின் சுமையை சுவிட்சில் ஏற்றாமல் ரிலேயில் ஏற்ற வேண்டும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே நல்ல எர்த் பட்டை வேண்டும். அது கெட்டால் செல்ப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிளையே சுட்டுவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஒயருக்கும் ஓர் எண்ணும், எந்த எண் எங்கே போகிறது என்று காட்டும் ஒரு தாளும் வேண்டும். அத்தாள் லாரியிலேயே இருக்க வேண்டும்.

எண் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். இந்தப் பக்கம் தமிழோடு தெலுங்கும் உருதும். லாரி ஓட்டி வருபவர் இந்திக்காரராகவும் இருப்பார். 17 என்ற எண் எல்லாருக்கும் 17 தான். எல்லை நாட்டுக்கு ஏற்ற மொழி இலக்கமே.

லாரி ஒன்றே சொத்தாக, மாதத் தவணை கட்டி வாழ்பவரால் இரண்டு மூன்று நாள் வண்டியை நிறுத்த முடியுமா என்ற கேள்வி நியாயமானது. வாடகை போகும், வேலைக்கும் பணம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் கொடுத்த கூலி, வழியில் நின்ற நாள்கள், அற்ப ஆயுளில் மாண்ட பேட்டரிகள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? இக்கணக்கைப் போட்டுக் காட்ட நம் வணிகவியல் நண்பர்கள் முன்வரலாம். இயற்பியல் மாணவர் மீட்டரோடு வரட்டும். தமிழ்த்துறை நண்பர்கள் அந்தத் தாளை எழுதித் தரட்டும். ஆனால் 'செல்ப்' என்று பட்டறையில் வழங்கும் சொல்லை 'செல்ப்' என்றே எழுதட்டும். படிக்க முடியாத தூய தமிழ்த் தாள் வழியில் நின்ற லாரிக்கு உதவாது.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் விற்கும் புதிய லாரிகள் பாரத் ஸ்டேஜ் 6 வகை. அவற்றின் உணர்விகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. முன்னே கண்ட துருப்பிடித்த இணைப்பு அங்கே அரை வோல்ட்டைத் தின்றாலும் அளவில் பத்தில் ஒரு பங்கு பொய்யாகிவிடும். அந்த லாரிகளும் ஒருநாள் பழைய லாரிகளாகி, இதே சாலையோரம் வந்து நிற்கத்தான் போகின்றன. முறுக்கி டேப் சுற்றும் கைக்கு அன்று வேலை இராது. பழைய லாரியில் மீட்டரும் வரைபடமும் பழகிய கைக்கே இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் நடக்கிறது. சாலையைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம், நல்லதே. அடுத்த முகாமில் ஒரு நாளை லாரி நிறுத்தத்துக்கு ஒதுக்கலாகாதா? ஆய்வகத்து மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து, செல்ப் அடிக்கச் சொன்னால் போதும். முள் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஓட்டுநரிடம் அதைக் காட்டிச் சொல்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பேராசிரியர்கள் அனுமதி தந்தால் முதல் மீட்டரைத் தூக்கி வர நான் ஆயத்தமாயிருக்கிறேன். உடன் வருவோர் கை தூக்குக!