வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது?

ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி முடிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்து அவர் பேசுவார். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். "நாங்கள் படித்தபோது இரண்டு மைல் நடந்தோம். அடி வாங்கினோம். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாக ஒப்பித்தோம். இன்றைக்கு ஆரம்பப் பள்ளியில் ஆட்டம், பாட்டம், கொண்டாட்டம். படிப்புக்கு மட்டும் திண்டாட்டம்!" கைதட்டல் அள்ளும். காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு தங்கள் நடனத்துக்குக் காத்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டுவார்கள். தங்களைத்தான் வைகிறார் என்று அதுகளுக்குத் தெரியாது, பாவம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒன்றியம் மாறியது, விருந்தினர் மாறினார், இந்த 'திண்டாட்டம்' மட்டும் மாறவே இல்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். மேடை ஓரத்தில் நின்று பல்லைக் கடிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

இரண்டு மைல் நடந்தார், சரி. பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதில் பாடமுறைக்கு என்ன பெருமை?

அடி வாங்கியதால்தான் உருப்பட்டாராம். என்னோடு தரையில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் ஒருவன். மூன்றாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை பிரம்படி வாங்கினான். செவ்வாய்க்கிழமை ஆடு மேய்க்கப் போனவன் திரும்பவே இல்லை. அவனை யாரும் ஆண்டு விழாவுக்குப் பேச அழைப்பதில்லை. அடி வாங்கித் தப்பித்தவர்களை மட்டும் மேடையேற்றினால், அடி நல்லது என்றுதான் மைக் சொல்லும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளைக் கோதண்டம் என்ற தண்டனையாகக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அதையும் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்டால் 'அந்த அளவுக்குச் சொல்லவில்லை' என்பார். எந்த அளவுக்கு என்பதை அவர் சொன்னதே இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாம் பிரிவில், அளவெல்லாம் பார்க்காமல் அடியையே தடை செய்துவிட்டது.

அடுத்தது அந்த ஆட்டம் பாட்டம். அவர் அப்படிச் சொல்லும் செயல்வழிக் கற்றல் யாரோ பொழுதுபோகாமல் கொண்டுவந்த வேடிக்கை என்று அவருக்கு எண்ணம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது. மூலம், ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷி வேலி பள்ளி. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு திண்டாடும் பள்ளிகளுக்காக அங்கே உருவாக்கிய முறை அது. உண்மையான திண்டாட்டம் அதுதான், ஐயா! ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார் இருக்கும் பள்ளியில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று யாருக்குப் பாடம் நடத்துவது? ஒன்றாம் வகுப்புக்கா, ஐந்தாம் வகுப்புக்கா? அதனால்தான் அட்டை வந்தது, ஏணிப்படி வந்தது. தன் படி எது, அடுத்த அட்டை எது என்று பிள்ளையே பார்த்து எடுத்துக்கொள்ளும். சுவரின் அடியில் ஆளுக்கொரு கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. பிறகு அட்டைகள் நைந்தன, முறையின் பெயர்களும் மாறின. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்தது. இந்தப் பெயர் மாற்றங்களைப் பற்றியும் எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவேற்றத்தைப் பற்றியும் ஆசிரியர்களுக்குள்ளேயே முணுமுணுப்பு உண்டு. அதை இங்கே எடுத்தால் எதிர்க்கட்சிக்கு எடுத்துக் கொடுத்ததாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

இனி, எனக்குப் பிடித்த பதினாறாம் வாய்ப்பாடு. ஏன் பதினாறு? பதினைந்தோடு நிறுத்தியிருக்கலாமே? ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தது. மாகாணி என்றாலே பதினாறில் ஒரு பங்கு. சந்தைக்குப் போனால் பதினாறு இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது, காரணம் போய்விட்டது. வாய்ப்பாட்டுக்கு யாரும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு விழாவில் டீ குடிக்கும்போது விருந்தினர் ஒருவரிடம், "பதினாறேழு எவ்வளவுங்க?" என்று பணிவாகத்தான் கேட்டேன். உதடு 'ஓர் பதினாறு பதினாறு' என்று அடியிலிருந்து புறப்பட்டது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் தடுமாறியது. அப்புறம் நல்ல வேளையாக அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது.

வாய்ப்பாடு வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிப்பது வேறு, கணக்கு வேறு. இது எனக்கே இரண்டாம் வகுப்பில்தான் புரிந்தது. நான் படித்த இரண்டாம் வகுப்பில் அல்ல, பாடம் நடத்திய இரண்டாம் வகுப்பில். 43இல் 18ஐக் கழிக்கக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன்: "மூணுல எட்டு போகாது. பக்கத்து வீட்டு நாலுகிட்ட ஒண்ணு கடன் வாங்கு. இப்ப இது பதிமூணு." ஒரு சிறுமி எழுந்தாள். "ஒண்ணுதானே சார் வாங்குனோம், பத்து எப்பிடி வந்துச்சு?" நான் எதையோ சொல்லிச் சமாளிப்பதற்குள் அடுத்த கேள்வி: "வாங்குன கடன எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?"

அவளுடைய அம்மா வாரா வாரம் குழுக் கடன் கட்டுகிறவர். கடனென்றால் என்னவென்று அந்த வீட்டில் சின்னதுக்குக்கூடத் தெரியும். என்னிடம்தான் பதில் இல்லை. நான் ஐந்து வயதிலிருந்து கடன் வாங்கிக் கழித்துக்கொண்டே வந்தவன். ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிரம்பு பதில் சொல்லியிருக்கும்.

மறுநாள் ஒரு துடைப்பத்தைப் பிரித்தோம். ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டோம். நாற்பத்து மூன்று என்றால் நாலு கட்டு, மூன்று உதிரி. அதிலிருந்து பதினெட்டை எடுக்க வேண்டும். எட்டு உதிரி எடுக்கப் பார்த்தாள், மூன்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் குச்சிகளையே முறைத்தாள். பிறகு தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவிக் கையில் மாட்டிக்கொண்டாள். உதிரி பதிமூன்று ஆயிற்று. எட்டை ஒதுக்கினாள்; ஐந்து. மீதி மூன்று கட்டில் ஒன்றைத் தள்ளினாள், இரண்டு. இருபத்தைந்து. "நம்ம கட்டத்தானே சார் பிரிச்சோம், இதுல கடனே இல்ல" என்றாள்.

அன்றைக்குக் கணக்கு வகுப்பு முழுவதும் இதிலேயே போனது. வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரைந்தது. வாத்தியார் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து குச்சி விளையாடிக்கொண்டிருந்தார். சன்னல் வழியே நம் விருந்தினர் எட்டிப் பார்த்திருந்தால் அடுத்த மேடைக்கு ஓர் உதாரணம் கிடைத்திருக்கும்.

மிச்சமிருக்கும் குற்றச்சாட்டுகள் சில்லறை. 'பள்ளிக்கூடமா, ஹோட்டலா?' என்று காலை உணவுத் திட்டத்தைப் பற்றிக் கேட்கிறார். 2022 செப்டம்பரில் அது தொடங்கும் முன்பு, பத்தரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்க்கும் பிள்ளையை நான் தினமும் பார்த்தவன். உப்புமா தின்ற பிள்ளை உட்கார்ந்து எழுதுகிறது. அதற்குமேல் இதில் விவாதம் இல்லை. 'ஐந்தாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை' என்று அசர் என்ற கல்வி நிலைக் கணக்கெடுப்பின் அறிக்கையை ஆட்டுகிறார். அந்தக் கணக்கெடுப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுப்பது. டை கட்டி வேனில் தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் அதில் சேர்த்தி.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷமும் அவரைத்தான் அழைப்பீர்கள், தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு வேண்டாம். அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கே வரச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் விடுங்கள். நாற்காலி மட்டும் போட்டுவிடாதீர்கள்.